ஜெயித்த கையோடு சுருண்டு விழுந்தவனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் 'நல்லாருக்கேம்மா' என்று கூசாமல் புளுகுவாய்.

நீ குதிரை ஓட்டிய பெரிய பந்தயத்தை நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டிகளை அணைத்துவிட்டு எல்லோருமாகப் பார்த்தோம். பெரிய ஜாக்கிக்குக் கால் பிசகியதால் உன்னை ஏற்றினார்களாம், இந்தப் பொடியன் என்ன கிழிப்பான் என்று டிவியில் ஒருவன் சிரித்தான், அவன் நாக்கில் இஸ்திரிப் பெட்டியை வைக்கலாமா என்றிருந்தது. நீயோ கடைசித் திருப்பம் வரை குதிரையை அடக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் பின்னால் வந்தாய். பிறகு வேலியோரமாகக் கிடைத்த இத்துனூண்டு இடைவெளியில் அதை நுழைத்தாயே! சாட்டையைத் தொடவேயில்லை, கழுத்தோடு கழுத்தாக வந்து ஒரு தலை நீளத்தில் முந்திவிட்டாய். நான் போட்ட கூச்சலில் மேலாளர் பதறி ஓடிவந்தார். இனி உன் திறமையைப் பற்றி எவனும் வாய் திறக்க முடியாது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் சேணத்தைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கப் போனவன் அங்கேயே சுருண்டு விழுந்தாய், அதையும்தான் காட்டினார்கள். உன் போனுக்கு அடித்தால் பயிற்சியாளர் எடுத்து, 'ஒண்ணுமில்லம்மா, குளுக்கோஸ் ஏறுது, அந்தக் குதிரைக்கு விதிச்ச எடைக்கு எறங்க ரெண்டு நாளா பச்சத்தண்ணிகூடத் தொடல, சிங்கம்மா உங்க பையன்' என்று பெருமை பேசுகிறார். எனக்கு வந்ததே ஆத்திரம்! 'குதிரை ரெண்டு நாள் தீனி திங்கலைன்னா டாக்டரக் கூப்புடுவீங்கல்ல, எம்புள்ளைக்கு மட்டும் கைதட்டுவீங்களோ' என்று கேட்டுவிட்டேன். அவரைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம், வாராவாரம் 'வயிறு முட்டச் சாப்பிட்டேம்மா' என்றாயே, யார் வயிறு முட்ட? நீ பட்டினி கிடப்பது தங்கச்சிக்குத் தெரியுமாம், மறைத்திருக்கிறாள், அவளோடும் எனக்குப் பேச்சில்லை. அப்பா தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த பந்தயத்துக்கும் அதே குதிரை, அதே எடை என்கிறாராம் உன் பயிற்சியாளர். முடியாது என்று சொல். முன்பே சொல்லியிருந்தால் உன்னைத் துரத்தியிருப்பார்கள், அது எனக்கும் புரிகிறது. இன்று நீ ஜெயித்தவன், என் உடம்புக்குத் தோதான குதிரையைக் கொடுங்கள் என்றால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இதைக் கேட்கக்கூட உதவாவிட்டால் அந்தக் கோப்பை எதற்கு, பூ வைக்கவா?

பல்லும் பசியும் குறையாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்பதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு. கோப்பை இல்லாமல் வந்தாலும் கதவைத் திறப்பேன், எலும்பும் தோலுமாக வந்தாயோ, திரும்பப் போக விடமாட்டேன்.

கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா