உன் பெயருக்கு மேலே என் முகம்

நேற்றுப் பின்னேரம் அந்தப் பழைய கர்லிங் கிளப்பின் கதவைத் திறந்தபோது, ஈர ரப்பரும் குளிரும் கலந்த அதே மணம் முகத்தில் அடித்தது. உன் மகள் பக்கத்தில் நின்றாள். உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது. "அம்மாவின்ர படம் அங்க சுவரில இருக்காம். ஒருக்காக் காட்டுங்கோ அன்ரி" என்று பிக்கரிங்கிலிருந்து காரோடு வந்து நின்றவளுக்கு நான் எப்படி மறுப்புச் சொல்வேன்?

சட்டத்துக்குள் கீழே உன் பெயர், பெண்கள் சாம்பியன்ஷிப்பின் மிகச் சிறந்த வீராங்கனை என்று. மேலே, கப்பைப் பிடித்து விழித்தபடி நான்.

"அன்ரி, இது நீங்களெல்லோ?"

தொண்ணூறுகளில் நாமிருவரும் ஸ்காபரோவில் ஒரே ஃபாக்டரியில் பெட்டி அடுக்கினோம். ஆள் போதவில்லையென்று சுப்பர்வைசர் தன் கர்லிங் அணியில் நம்மைச் சேர்த்தாள். பனித்தரையில் கனத்த கல்லை வழுக்கவிட்டு, தூரத்து வட்டத்துக்குள் நிறுத்தவேண்டும். ஓடும் கல்லுக்கு முன்னால் பிரஷால் தரையைத் தேய்த்தால் அது இன்னும் கொஞ்சம் போகும். "ஊரில முற்றம் கூட்டினது காணாதெண்டு இஞ்ச ஐசையும் கூட்டுறம்" என்றாய். சிரித்துச் சறுக்கி விழுந்தேன்.

ரொறொன்ரோ கிளப்புகளின் இறுதியாட்டத்தில் கடைசிக் கல் பாதியிலேயே சோர்ந்துவிட்டது. தேய்த்தது நீயும் நானும். "வராதடி, விடு" என்று நான் நிமிர்ந்துவிட்டேன். நீ விடவில்லை. தனியாகத் தேய்த்துக்கொண்டே போனாய். கல் ஊர்ந்து ஊர்ந்து வட்டத்தின் நடுவில் நின்றது. வென்றோம். மிகச் சிறந்த வீராங்கனைக் கப்புக்கு எல்லா அணித் தலைவிகளும் உனக்கே வாக்களித்தார்கள்.

"கப்பைப் பிடி, வீட்டுக்கு ஒரு ஃபோன் கோல் எடுத்திட்டு வாறன்" என்று போனாய். அந்த நேரம் பார்த்துப் படக்காரன் வந்தான். நான் அவளில்லை என்றேன். சிரி என்றான். படம் எடுத்துவிட்டான்.

கிளப்பில் மூன்று முறை முறையிட்டேன். அடுத்த கிழமை மாற்றுகிறோம் என்றார்கள். மூன்றாம் முறை உன்னையே இழுத்துக்கொண்டு போனேன். செயலாளர் படத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். உங்கள் படம் வடிவாக வந்திருக்கிறது என்று உன்னிடமே சொன்னாள்! நீ சிரித்தாய். "விடடி, கப் என்ர அலுமாரியிலதானே கிடக்கு." அவள் சொன்னதைவிட நீ சிரித்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நேற்று மறுபடி அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். படத்தில் இருப்பது நீங்கள்தானே, அப்படியென்றால் பெயரை மாற்றிவிடட்டுமா, அது சுலபம் என்றாள்.

நான் கத்திவிட்டேன். உன் மகள் கையைப் பிடித்து, "அன்ரி, விடுங்கோ" என்றாள். விடவில்லை. சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றி அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தேன். உன் மகள் உன் படத்தைக் கொண்டுவரும்வரை சுவர் வெறுமையாகக் கிடக்கட்டும்.

ஆனால் உன் மகளுக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தை நம் தமிழ்ப் பத்திரிகையும் எடுத்துப் போட்டது. அந்தக் கிழமை வோபர்னில் மரக்கறிக் கடைக்குப் போனோம். கடைக்கார அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேப்பரில பாத்தனான் பிள்ளை. எங்கட ஆக்களுக்கு எவ்வளவு பெருமை!"

"தாங்ஸ் அன்ரி" என்றேன்.

திரும்பினால் பின்னால் நீ. குனிந்து கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு காயை எடுத்தாய், வைத்தாய், மறுபடி அதையே எடுத்தாய். பஸ்ஸில் வேறு ஏதோ கதைத்தாய். கோபித்திருந்தால் அன்றைக்கே அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ ஒருநாளும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் நானும் சொல்லவில்லை. படக்காரனிலும் கிளப்பிலும் நான் கோபப்பட்டதெல்லாம் அந்த 'தாங்ஸ்' என்ற ஒரு சொல்லை மறைக்கத்தானோ, தெரியவில்லை. கேட்காத அந்த மன்னிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ள நீ இல்லை.