கைப்பிடிக்கு அடியில் ஒரு பொட்டு

டீ ஆறிப்போனால் கோபித்துக்கொள்ளும் என் அம்மாவுக்கு,

உன் புருஷன் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, மனுஷன் மீசைக்கு மை தடவுகிறார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் போன்தான். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போய்விடுவார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் ஒருநாள் பின்னாலேயே போனேன். "இன்னும் இருக்குதுங்களா? பத்திரமா வெச்சிருங்கம்மா. நான் நேர்லயே வந்து பாக்குறேன்" என்று குழைகிறார். உன்னிடம் என்றாவது அந்தக் குரலில் பேசியிருக்கிறாரா?

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது, காவேரிக் கரையில் நாலு நாள் தங்கிவிட்டு வரப்போவதாகச் சொன்னார். ஆற்றோரமாக வீடுகளில் ரூம் விடுகிறார்களாம், காலை டிபனும் அவர்களே தருவார்களாம். சேத்தியாத்தோப்பைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்கு வரவே மூக்கால் அழுதவர்! "தனியாவா?" என்றேன். "ஏன், வழி தெரியாதா எனக்கு?" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே.

மறைப்பானேன், பயம் எனக்காகத்தான். என் புருஷன் வீட்டிலிருந்து நான் பெட்டியோடு திரும்பி வந்த அன்றைக்கு நீ ஒரு கேள்வி கேட்கவில்லை, தட்டை எடுத்து வைத்தாய். இன்றைக்கு அப்பா இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தத் தட்டு எனக்கு இருக்குமா? அதனால் நானும் வருகிறேன் என்று கும்பகோணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வீட்டில் வயதான தம்பதி. இட்லியும் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும் கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. பித்தளை டபராவில் காபி வந்ததும் அப்பா முகம் தொங்கிப்போய்விட்டது. "இந்த வூடு இல்ல" என்று தனக்குள் முணுமுணுத்தார். எந்த வீடு இல்லை? கேட்டால், இங்கே கொசு என்கிறார்.

இரண்டாவது வீட்டுப் படித்துறை அவ்வளவு அழகு. தண்ணீர் முட்டியளவுக்கு ஓடியது. நான் காலை நனைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீ குடித்த கப்பைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "கெளம்பலாம் கலா" என்றார். இரண்டு நாளைக்குச் சொல்லியிருந்த ரூம் அது, அம்மா.

மூன்றாவது வீட்டுக்காரியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வசந்தா என்று பெயர். புருஷன் இல்லை. தலையில் ஒரு முழம் கதம்பம், வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க, போன்ல பேசின குரலு இதுதானா!" என்றாள். உன் புருஷன் மையிட்ட மீசையோடு வெட்கப்பட்டார். நான் ராத்திரி அந்த அம்மா போட்ட தோசையைப் பாதியில் வைத்துவிட்டேன்.

விடிந்து எழுந்தால் அப்பா படுக்கையில் இல்லை. சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் குரல்: "எடுத்துட்டுப் போங்க. இத்தன ஊரு சுத்தி வந்திருக்கீங்க, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" அப்பா, "இல்லம்மா, இங்கயே இருக்கட்டும்" என்றார்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். "யாருப்பா இவங்க? எத்தன நாளா நடக்குது இது?"

இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்பா கையில் ஒரு டீ கப்பு. நீலப் பூப் போட்டது. அதை என் முன்னால் நீட்டி, "கைப்பிடிக்கு அடியில பாரு" என்றார். ஒரு நீலப் பொட்டு இருந்தது.

"இதுல என்ன இருக்குது? எல்லாக் கப்புலயும் இருக்கறதுதானே?"

"எந்தக் கப்புல? இதுக்கு முந்தி தங்குன வூட்டுக் கப்புல இருந்துச்சா?"

கப்பென்றால் அந்த இடத்தில் ஒரு பொட்டு இருக்கும் என்றே இத்தனை வயசு வரைக்கும் நினைத்திருக்கிறேன் அம்மா. நம் வீட்டில் வேறு கப்பு ஏது? பீங்கான் கம்பெனியில் நீ கப்புகளுக்குப் பூப் போட்டாய். சூளையில் வெடிக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கண் திருஷ்டிக்குப் பொட்டு வைத்து அனுப்புவாய். அப்படியும் கோணிக்கொண்டது, விரிசல் விட்டதுதான் செகண்ட்ஸ் என்று நம் வீட்டுக்கு வரும். "வெளிய வெல போவாததுக்குத்தான் நம்ம வூடு இருக்குதே" என்று முந்தானையால் துடைத்து அலமாரியில் அடுக்குவாய். நேராக வெந்தவற்றை அப்பா வைக்கோல் வைத்துக் கட்டி லாரியில் ஏற்றுவார். அவை எங்கே போகும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

நீ கடைசியாகப் பூப் போட்ட கப்புகள் ஆற்றோரம் ரூம் விடுகிறவர்களுக்குப் போயின என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த வீடு என்று தெரியாது. அதற்குத்தான் அத்தனை போனும். பூப் போட்ட கப்பு இருக்கிறது என்று மூன்று வீட்டில் சொன்னார்களாம், பொட்டை நேரில் பார்த்தால்தான் உண்டு.

"நம்ம வூட்டுல இருக்கறதெல்லாம் கோணலு, கீறலு. அவ கையில நேரா வந்தது ஒண்ண கண்ணால பாக்கணும்னு இருந்துச்சு" என்றார் அப்பா. "உங்கிட்ட சொன்னா சிரிப்ப."

"அப்போ மீசைக்கு மை?"

"உங்கம்மா பொருளப் பாக்க வரேன். நரச்ச மீசையோடயா வர்றது?"

வசந்தா அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கப்பில் டீ ஊற்றி என்னிடம் கொடுத்தார். அந்தக் கப்பு ஆடாமல் நின்றது அம்மா, நம் வீட்டில் வைக்கிற மாதிரி கீழே ஒட்டுத்துணி வைக்காமலே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது, "அப்போ நம்ம வூட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போலாமே" என்று கேட்டேன். அப்பா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நல்லது வெளிய இருக்கட்டும். நம்ம வூட்டுக்குத் திரும்பி வந்ததத்தான் அவ தெனமும் கையில எடுத்தா" என்றார். பஸ் வரும் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தேகம் முழுசாகத் தீர்ந்ததா என்று கேட்காதே. வசந்தா அக்கா அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்கிறார், இவரும் தலையாட்டியிருக்கிறார். நானும் கூடப் போவேன். இந்தத் தடவை வேவு பார்க்க இல்லை, மீசைக்கு மை நான்தான் தடவிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வீட்டுக்குத் திரும்பி வந்த
உன் மகள்,
கலா