நீங்கள் சொன்ன ‘மோயிங்’

அக்கா,

இன்று காலை எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் மிஷின் வைத்துப் புல் வெட்டினார்கள். டாலிகஞ்ச் வந்து ஆறு வருஷமாகிறது. வெட்டிய புல்லின் வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வந்தது இன்றுதான். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “மதினி இருந்தா இன்னைக்கு ஒரு கதை சொல்லியிருப்பாங்க” என்றார். நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பழைய எரிச்சல்தான்.

கிடர்பூர் குவார்ட்டர்ஸில் உங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தபோது எனக்கு என்ன பெருமை இருந்தது, சொல்லுங்கள். நிறமா, நகையா? பி.ஏ. இங்கிலீஷ் ஒன்றுதான். குவார்ட்டர்ஸ் பராமரிப்புப் பிரிவில் இருந்த இவர், ஆபீஸில் இங்கிலீஷில் எழுத வேண்டிய குறிப்புகளை, அவர்கள் சொல்லும் ‘நோட்டு’களையெல்லாம், வீட்டுக்குக் கொண்டுவருவார். சாயங்காலம் டீயும் முறுக்குமாக உட்கார்ந்து நான் திருத்துவேன். “நீ இல்லேன்னா என் பொழப்பு நாறிரும்டி” என்பார்.

அந்த வருஷம் மழை விட்டதும் வாசலில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. பாம்பு வேறு. புல்லை வெட்டச் சொல்லி நோட்டுப் போட வேண்டும். நான் ‘கிராஸ் கட்டிங்’ என்று எழுதி வைத்திருந்தேன். கறிவேப்பிலை கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த நீங்கள் அதை எட்டிப் பார்த்து, “இதுக்கு ஒத்தச் சொல்லே இருக்கே தங்கச்சி, மோயிங்” என்றீர்கள்.

அதோடு விட்டீர்களா?

“மிஷின் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாலயே உள்ள சொல்லு தம்பி. நீளக் கம்புல வளைஞ்ச கத்தியக் கட்டி, வரிசையா நின்னு வீசிக்கிட்டே போவாங்களாம். பனிக்காலத்துல மாட்டுக்குத் தீவனம் வேணும்லா? மெடோன்னு புல்வெளியச் சொல்லுதோமே, அதுவும் இதே வேருல வந்ததுதான். வெட்டின பொறவு ரெண்டாவதா தழைக்கிற புல்லுக்குப் பேரு ஆஃப்டர்மாத். இன்னைக்குப் புயலுக்கும் சண்டைக்கும் பொறவு வர்றத அப்படிச் சொல்லுதோம்.”

இவருடைய டீ ஆறி ஆடை படிந்தது. கல்யாணமாகி எத்தனை வருஷம், என் வாயை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. கறிவேப்பிலை உருவும் சாக்கில் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். வயிறு எரிந்தது என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

மறுநாள் இவர் ‘கிராஸ் கட்டிங்’கை ‘மோயிங்’ என்று மாற்றி எழுதி, “சரிதானா?” என்று காட்டினார். இதுவரை உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். முந்தின வருஷம் பெரிய அதிகாரி பங்களாவின் புல்தரைக்கு வந்த நோட்டையும் நான்தான் திருத்தினேன். அதில் மோயிங் என்றுதான் இருந்தது; அந்த ஆபீஸில் அப்படி எழுதினால் மிஷின்தான் வரும். கிராஸ் கட்டிங் என்றால், எங்கள் வாசல் புல்லைப் பிகாரி பால்காரர் அரிவாளால் அறுத்து, தன் மாடுகளுக்குக் கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். இதெல்லாம் தெரிந்தும், “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மிஷின் வந்தது. பத்தடி போகவில்லை, புல்லுக்குள் கிடந்த செங்கல்லில் மோதிப் பிளேடு உடைந்தது. குவார்ட்டர்ஸே வராந்தாவில் நின்று சிரித்தது. ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா பொடோபாபு பழைய பங்களா நோட்டை எடுத்துக் காட்டி, காட்டுக்குள் டென்னிஸ் ஆடப் போகிறீர்களா மொஷாய் என்று வங்காளியில் எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

சாயங்காலம் நீங்களே இறங்கி வந்தீர்கள். “தப்பு என்மேலதான் தம்பி. எனக்குப் புஸ்தக இங்கிலீஷ்தான் தெரியும். ஆபீஸ் இங்கிலீஷ் தங்கச்சிக்குத்தான் அத்துப்படி. இனிமே அவகிட்டயே கேளுங்க.” பிறகு அவர் எவ்வளவு கேட்டும் நீங்கள் ஒரு வரிகூடத் திருத்தித் தரவில்லை. நோட்டும் டீயும் முறுக்கும் என்னிடமே திரும்பி வந்தன. சாந்த்ராகாச்சியில் மகன் வீட்டோடு இருக்க நீங்கள் டாக்ஸி ஏறியபோது நான் அழுதது நிஜம்தான். ஆனால் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று புல் வாசனையில் என்னவோ ஆகிவிட்டது. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படி?”

“அந்தப் பங்களா நோட்டையும் நீதான் திருத்துனேங்கறத மதினிகிட்ட மாடிப்படியில வச்சுச் சொன்னேன். அவங்கதான், ‘அவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? ஒண்ணும் கேட்டுராதீங்க தம்பி. அவளுக்கு இருக்கது இது ஒண்ணுதான’ன்னாங்க.”

அன்று போலவே அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். இத்தனை வருஷம் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தெரிகிறது. ஆனால் அக்கா, மாடிப்படியில் நின்று நீங்கள் இருவரும் பேசிவைத்த ஒன்றை, என்னை விட்டுவிட்டு, நீங்கள் போகும்வரை இரண்டு பேருமாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.