அடுப்புக்கு மேலே சிம்னி

ஜனவரி 11, 2016, திங்கள்

பத்து மணிக்கு மேஸ்திரி பிரேபன் விசில் அடித்தால், சலவை ஆலையில் சிகரெட் பிடிக்கிறவர்கள் எல்லாரும் வெளிக்கொட்டகைக்குப் போகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை. பிடிக்காதவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நானும் வரவா என்று பிரேபனிடம் கேட்டேன்.

"நீதான் பிடிக்க மாட்டியே, டில்டே. வெளிய வந்து என்ன பண்ணப் போற, வானத்தை மடிக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஊர் எஸ்பியர்க்கில் இதுதான் நியாயம்.

ஜனவரி 13

பிடித்தேன். எனக்கு வேண்டியது ஓய்வு, அவ்வளவுதான். பக்கத்து மேஜை உல்லா கொடுத்தாள். நான் இருமி அழுவேன் என்று வட்டமாக நின்று காத்திருந்தார்கள். இருமல் வரவில்லை. தலைகூடச் சுற்றவில்லை.

"திருட்டுக் கழுதை! எத்தனை வருஷமாடி பிடிக்கிற? நான் மொதத் தடவை வாந்தி எடுத்தேன்" என்றாள் உல்லா.

சத்தியமாக இதுதான் முதல். ஆனால் புகை உள்ளே போனதும் — எப்படிச் சொல்வது — வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியது போல இருந்தது. ஏன்?

ஜனவரி 15

இன்று மூன்று ஓய்வு, மூன்று சிகரெட்.

ஜனவரி 17, ஞாயிறு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: அடுப்புக்கு மேலே இருக்கிற சிம்னிக்கு அடியில் நின்று பிடித்தால், அது பிடித்ததாக ஆகாது. அம்மா அதன் விசிறியை மூன்றாம் வேகத்தில் வைத்து, கழுத்தை வளைத்து, மேலே பார்த்து ஊதுவாள். பக்கத்து மேஜையில் நான் பாடம் படித்தேன். இப்போது தங்கை ஆல்மா படிக்கிறாள். பதின்மூன்று வயது. அம்மா கெட்டவள் இல்லை. எங்களுக்காகத்தான் அங்கே போய் நிற்கிறாள்.

இன்று காபி வடிதாள் தேடி, சிம்னிக்கு மேலிருக்கும் அலமாரியை முழுக்கக் காலி செய்தேன். புகை வெளியே போகும் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் — வெறும் சுவர். விசிறியைப் போட்டு, சிம்னியின் முன்பக்கத் துளைகளில் கையை வைத்தேன். உறிஞ்சிய காற்றெல்லாம் ஒரு பழுப்பேறிய பஞ்சு வழியாகத் திரும்ப என் முகத்துக்கே வந்தது.

"அம்மா, இது எங்கயும் போகல."

"இவ்வளவு சத்தம் போடுதே! எங்கயோ போகுதுன்னுதானே நெனச்சேன்?"

ஆல்மா ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்: "அப்போ நான் எத்தனை வயசுலேருந்து பிடிக்கிறேன்?"

அம்மா விசிறியை அணைத்தாள்.

வாடகை வீடுகளுக்கு இந்த மலிவுச் சாமானைப் பூட்டிவிட்டவன் வீட்டில் குழாய் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பள்ளிச் சுவரில் சிகரெட் பற்றி 'நீயே முடிவு செய்' என்று ஒட்டுகிறார்கள். எதை? எனக்கு முடிவு செய்யும் வயது வருவதற்குள் என் நுரையீரல் பழகி முடித்துவிட்டதே!

என்னை விடு. நாளைக்கு எவனாவது ஆல்மாவிடம் முதல் சிகரெட்டை நீட்டினால், அவள் இரும வேண்டும். கண்ணில் நீர் வர இரும வேண்டும்.

ஜனவரி 18

பத்து மணிக்கு ஒரு ஆப்பிளோடு வெளியே போனேன்.

"சிகரெட் எங்க?" என்றான் பிரேபன்.

"விட்டுட்டேன். மூச்சு விட வந்தேன்."

"அதுக்கெல்லாம் ஓய்வு கிடையாது."

"பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் ஓய்வுன்னு எழுதிக் குடு, பிரேபன். சங்கத்துல காட்டுறேன்."

எழுதித் தரவில்லை. "ஆப்பிள்ல ஒரு கடி குடுடி" என்றாள் உல்லா.

சிகரெட் இல்லாமல் கை நடுங்கியது. ஐந்து நாள் பழக்கத்துக்கு இவ்வளவு திமிரா? ஐந்து நாளா? பிறந்ததிலிருந்து பதினெட்டு வருஷம்! இருக்கட்டும். நடுங்கிவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 3, ஞாயிறு

அம்மா இப்போது கீழே சைக்கிள் கொட்டகையில் போய்ப் பிடிக்கிறாள். நான்கு மாடி ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பாதியாகக் குறைந்துவிட்டதாம், திட்டிக்கொண்டே சொல்கிறாள். இன்று மழையில் நனைந்து மேலே வந்தாள். ஆல்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யே! அம்மா, உன் கோட்டு நாறுது!"

இந்த வீட்டில் அதை நாற்றம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கோட்டை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கு இன்னும் அது வீட்டு வாசனைதான். ஒரு நொடி முகத்தருகே பிடித்திருந்தேன். பிறகு கதவைத் திறந்து, வெளியே கொக்கியில் மாட்டினேன்.