மீன் வாங்கிய ஜீப்னி

ஆகஸ்ட் 12
இன்றும் தொங்கும் தொடர்கள்தான். 'சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, ஜீப்னி வீட்டுக்குப் போனது.' மீன் வாங்கியது ஜீப்னி வண்டியா என்றதும் வகுப்பே சிரித்தது. வாங்கிய ஆளை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள் என்றேன். பிறகு சிறு தேர்வு. விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வழக்கம்போல, பக்கத்தில் இருப்பவரின் தாளை வாங்கித் திருத்தினார்கள். நான் பெயர் கூப்பிட, மதிப்பெண்ணை உரக்கச் சொன்னார்கள். ரோடலினுடையதைக் கிளைசா சொன்னாள்: பத்துக்கு மூன்று.

ஆகஸ்ட் 21
விடுமுறை. இடைத்தேர்வுத் தாள்களை மட்டும் நானே திருத்துவது. ரோடலின், பத்துக்குப் பத்து. எப்படி?

ஆகஸ்ட் 22
கிளைசாவைப் பார்த்து எழுதியிருப்பாளோ? ஆனால் கிளைசாவே ஐந்துதான். அப்படியானால் கேள்வித்தாள் வெளியே போயிற்றா? என் மேசை இழுப்பறையை யார் திறந்தார்கள்?

பக்கத்து வகுப்பு நோனோய் சாரிடம் சொன்னேன். "பெயிலானாலும் விசாரணை, பாஸானாலும் விசாரணை. நீங்க பேசாம போலீஸ்ல சேர்ந்திருக்கலாம், மேம் பெர்லா." நான் சிரிக்கவில்லை. காப்பியடித்தாள் என்று எழுதினால் அந்தப் பெண்ணின் உதவித்தொகை போய்விடும். படிப்பும் போய்விடும்.

ஆகஸ்ட் 26
ரோடலினைக் கூப்பிட்டேன். திருத்தச் சொல்லிப் புதிதாக ஒன்று கொடுத்தேன்: 'அரிசி களைந்துகொண்டே, நாய் குரைத்தது.'

"களையுறது யாரு மேம், அக்காவா? 'அக்கா அரிசி களையும்போது நாய் குரைத்தது'ன்னு எழுதலாம். இல்லைன்னா 'அரிசி களைந்துகொண்டே அக்கா நாயை விரட்டினாள்'னு."

யோசிக்கவே இல்லை.

"அப்ப சின்னத் தேர்வுல மட்டும் ஏன் மூணு?"

"நீங்க போர்டுல எழுதின மாதிரியே இல்லைன்னா கிளைசா தப்புப் போட்டுடுவா, மேம்."

"எழுந்து சொல்றதுக்கு என்ன?"

"அவங்க வீட்டுலதான் தங்கியிருக்கேன். சாப்பாடும் அங்கதான்."

நம்புவதா? இப்படி எத்தனை கதை கேட்டிருக்கிறேன். பழைய தாள்களைக் கொண்டுவா என்றேன்.

ஆகஸ்ட் 27
படித்தேன். தப்புப் போட்டதில் பாதிக்கு மேல் சரி. சில, நான் எழுதிப் போட்டதைவிட நன்றாகவே. அடியில் 'திருத்தியவர்' என்று கிளைசாவின் கையெழுத்து. வேண்டுமென்றே செய்தாளா? இல்லை, அவளுக்கே தெரியாதா? இன்னும் சொல்ல முடியவில்லை.

நான்? இந்த வருஷம் ஒரு சிறு தேர்வுத் தாளையாவது படித்தேனா? காதில் விழுந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28
ரோடலினுக்குப் பத்து என்றே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 2
இனி தாள்களை நானே திருத்துவேன், பழைய மதிப்பெண்கள் சிலவும் மாறும் என்று வகுப்பில் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. கிளைசா, ரோடலினைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 5
சாயங்காலம் ரோடலின் என் வீட்டு வாசலில் நிற்கிறாள், கையில் துணிப்பை. "கிளைசா வீட்டு ஆன்ட்டி வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு நாள்தான், மேம்."

ரெண்டு நாளாம். உள்ளே வா என்றேன். அவள் முகம் கழுவப் போனதும் அலமாரியைப் பூட்டினேன்.

சோறு பரிமாறும் முன் எழுந்துபோய்ப் பூட்டைத் திறந்துவிட்டு வந்தேன்.