நான் வாங்க மறுத்த நோட்டீஸ்

நாஷ்வில்,
அக்டோபர் 9

அன்புள்ள லியானுக்கு,

இன்று காலை எழுந்ததும் காபிகூடப் போடாமல், நீ அனுப்பிய இசைத்தட்டைக் கேட்டேன். கையில் பென்சிலோடு. எதற்குப் பென்சில் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

தொண்டை அறுவைக்குப் பிறகு என் பாட்டு நின்றுபோனது; நாம் ஜோடியாகப் பாடியதும் அதோடு முடிந்தது. அப்போது, ஆற்றோடு போன என் அண்ணனுக்காக நான் எழுதிய பாட்டை நீ பாடட்டுமா என்று கேட்டாய். இனி நான் பாட முடியாததை யாரும் பாட வேண்டாம் என்றேன். அதோடு நம் பேச்சும் நின்று ஆறு வருடமாகிறது.

இந்த வசந்தத்தில் உன் பதிவுத் தபால் வந்தது. பாடிப் பதிவு செய்யப்போகிறாய் என்ற நோட்டீஸ்தான் என்று தெரிந்தே, கையெழுத்துப் போடாமல் மூன்று முறை திருப்பி அனுப்பினேன். வாங்காவிட்டால் உன்னால் பாட முடியாது என்று நம்பினேன். தபால்காரர் கர்டிஸ், "இப்படியே போனா இந்தக் கவர் உன்னைவிட அதிகமா ஊர் சுத்திடும் ரோண்டா" என்று கிண்டல் செய்தார்.

வக்கீல் பிக்கெட்டும் சிரித்தார். "நீங்க வாங்காட்டி என்னம்மா? அவங்க முறையா அனுப்பிட்டாங்க, அது போதும். பாட்டை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பாடி ஏற்கெனவே இசைத்தட்டா வெளியிட்டாச்சு. அதுக்கப்புறம் யார் வேணா பாடிப் பதிவு பண்ணலாம். சட்டம் சொல்ற தொகையை உங்களுக்குக் குடுத்துட்டா சரி. உங்க சம்மதம் தேவையில்ல" என்றார். நான் கத்தியதைக் கேட்டு, "வேகத்தைத் தன் குரலுக்கு ஏத்தாப்ல வெச்சுக்கலாம். மெட்டையே மாத்தினா மட்டும் விட மாட்டோம். கேட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மெட்டு மாறிய இடங்களைக் குறிக்கத்தான் பென்சில்.

ஒரு குறிகூடப் போடவில்லை, லியான். நான் எப்போதும் அவசரமாகத் தாண்டிவிடும் இரண்டாம் அடியில் நீ நிதானமாக நின்றாய். பாடிய காலமெல்லாம் அடுத்த வரியையே நினைத்துக்கொண்டிருந்தேன்; என் பாட்டை நான் கேட்டதே இல்லை. இன்றுதான் அண்ணன் படகின் கயிற்றை அவிழ்ப்பது கண்ணில் தெரிந்தது. நன்றாக அழுதேன்.

உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இருந்திருந்தால் தடுத்தே இருப்பேன். பாட்டும் என்னோடு ஊமையாகியிருக்கும். சட்டம் என்னைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி. முகத்தில் அடித்தாற்போல் மறுத்தும் நீ விடாமல் முயன்றாயே, அதற்கு அதைவிடப் பெரிய நன்றி.

பிக்கெட் இன்னொன்றும் சொன்னார். இதுவரை வெளிவராத பாட்டை இந்தச் சட்டத்தைக் காட்டி யாரும் எடுத்துக்கொள்ள முடியாதாம். முதல் தடவை பாட, எழுதியவராக மனம்வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இந்த ஆறு வருடத்தில் நான் ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். அது உனக்கு என்று இன்று முடிவு செய்துவிட்டேன். என் அம்மாவுக்கும் பிக்கெட்டுக்கும் இன்னும் தெரியாது. தாளை இதோடு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தொண்டைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன்
ரோண்டா