அட்டெண்டரும் அட்டெண்டன்ட்டும்

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்பது நேற்று நீ அனுப்பிய இங்கிலீஷ் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. நானும் நலம். அம்மா நலம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இன்றோடு ஒன்பது நாள், வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன். இத்தனைக்கும் நீ போட்ட பதில் ஒரு வார்த்தைத் திருத்தம். இன்சூரன்ஸுக்காக உனக்குப் படம் பிடித்து அனுப்பிய ஆஸ்பத்திரி ஃபாரத்தில், நோயாளியுடன் இருப்பவர் என்ற இடத்தில் நான் அட்டெண்டர் என்று எழுதிவிட்டேனாம். அட்டெண்டர்னா ஆபீஸ்ல டீ வாங்கிட்டு வர்ற ஆளுப்பா, பேஷண்ட்கூட இருக்கறவங்க அட்டெண்டன்ட், எங்க கம்பெனில இன்சூரன்ஸ் பாக்கற பொண்ணு சிரிக்குது, மாத்தி அனுப்புங்க என்று எழுதியிருந்தாய்.

அந்த டீ வாங்கிவந்த ஆளுக்குத்தான் நீ பிறந்தாய் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே அலுவலர் என்று அச்சடித்தவனாயிற்றே. அன்றைக்கே கேட்டிருப்பேன், அம்மா கையைப் பிடித்து அழுத்திவிட்டாள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஏட்டைக் கெடுத்தேன், சரி. கூட யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி உன் கண்ணில் படவில்லையே, பிழை மட்டும் பட்டதே! இங்கே நர்ஸம்மாவே அட்டெண்டர் யாருங்க, வாங்க என்றுதான் கூப்பிடுகிறாள், அவளிடம் போய்ச் சிரி. முப்பத்தொரு வருஷம் அதிகாரி அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தால் எழுந்து போவது அட்டெண்டர், அது எனக்குத் தெரியும். மற்றதை இந்த ஒன்பது நாளில் கற்றுக்கொண்டேன். அம்மா தலைமாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது, அவள் ஒருமுறைகூட அழுத்தவில்லை. முகம் சுளித்தால் தண்ணீர் என்றும், போர்வையை இழுத்தால் பெட்பேன் என்றும் நானே எழுந்துவிடுகிறேன். மணி அடிக்காமலே எழுபவன் அட்டெண்டன்ட், எழுதிக்கொள். நாலு தடவை போன் அடித்தும் மீட்டிங் என்று சொல்பவனுக்கு உன் இங்கிலீஷில் என்ன பேர்? இதில் அவன் நல்லதுக்குத்தான் சொல்றான் என்று அம்மா உனக்கு வக்காலத்து வேறு வாங்குகிறாள். போன் சத்தம் கேட்டாலே நீதான் என்று படுத்தபடியே தலைமுடியை ஒதுக்கிக்கொள்கிறாள்.

ஃபாரத்தை மாற்றி எழுதிவிட்டேன், அட்டெண்டன்ட் என்றே, உன் கம்பெனிப் பெண் இனிச் சிரிக்க வேண்டாம். ஆனால் ஆபரேஷன் அன்றைக்கு இரண்டு பேர் வேண்டுமாம், ஒருவர் தியேட்டர் வாசலிலேயே இருக்க, ஒருவர் ரத்தம், மருந்து என்று ஓட. என் முழங்கால் ஓடாது. அதனால் இரண்டாவது கோட்டில் உன் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலால். புதன் சாயங்காலம் வந்து நீயே பேனாவால் எழுது. வராவிட்டால் அழித்துவிடுவேன், ஆபீஸில் எத்தனையோ பேருக்குப் பென்சில் எழுத்தை அழித்துக் கொடுத்த கைதான் இது.

நீயும் மருமகளும் நன்றாக இருங்கள், கோபம்தான் எழுதினேன், சாபம் எழுதவில்லை. தபாலில் போட்டால் நாளாகும் என்று இதையும் போனில் படம் பிடித்தே அனுப்புகிறேன். மறந்துவிடாதே, வியாழன் காலை ஏழு மணி.

இப்படிக்கு,
உன் அப்பா,
அட்டெண்டர்.
(இதைத் திருத்தாதே, இது பிழையில்லை.)